முக்காலியில் ஒரு டிஷ்

இலக்கிய நண்பர்களிடம் டிஷ் ஆன்டெனாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் ஒரு புன்னகை வரும். அதைக் கேரவனில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பற்றி என்றால் அந்தப் புன்னகை ஏளனமாகவே மாறிவிடும். வீட்டை விட்டு, ஊரை விட்டு, மலையையும் கடலையும் பார்க்கப் புறப்பட்டவன் தொலைக்காட்சியையும் சுமந்துகொண்டு போவானேன் என்பது அவர்களது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வாகனத்துக்குள் தொடர்ந்து மூன்று இரவுகள்கூடத் தங்கியிராதவர்கள். அவர்கள் மனதில் இருப்பது ஜான் ஸ்டைன்பெக்கின் பயணம். 1960இல் ஒரு டிரக்கின் மேல் சிறு வீடொன்றைப் பொருத்தி, டான் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் அவர் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962இல் அது புத்தகமாயிற்று. எழுத்தாளனின் பயணம் சில மாதங்களில் முடிந்து அச்சுக்குப் போய்விடும். பிரிட்டனின் வண்டி முகாம்களில் நான் காணும் மனிதர்களுக்கு அப்படி முடிவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஆண்டின் பாதியை வாகனத்திலேயே கழிப்பவர்கள் அவர்கள். சிலர் வீட்டை விற்றுவிட்டு முழுதாகவே அதில் குடியேறியவர்கள்.

கேரவன் என்றால் நம்மூரில் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது மோட்டார்ஹோம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஒரு மேசை. அவ்வளவுதான் உலகம். டிசம்பரில் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பகல் என்பது ஏறத்தாழ ஆறரை மணி நேரம். பிற்பகல் மூன்றரைக்குச் சூரியன் விழுந்த பிறகு, மழை தகரத்தில் அறைந்துகொண்டிருக்க, மறுநாள் காலை ஒன்பது வரை அந்தச் சிறு அறைக்குள் இருக்கவேண்டும். எவ்வளவு நல்ல வாசகனும் பதினேழு மணி நேரம் தொடர்ந்து படிப்பதில்லை. அந்த இரவில் செய்தி கேட்கவும் ஒரு பழைய நாடகத்தைப் பார்க்கவும் ஒருவர் விரும்பினால், அதில் இயற்கைக்கு இழைக்கப்படும் துரோகம் எதையும் நான் காணவில்லை.

ஆகவே டிஷ் வேண்டுமா என்ற கேள்வியை இத்தோடு விட்டுவிடுகிறேன். எப்படிப்பட்ட டிஷ் என்பதில்தான் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. இன்று மோட்டார்ஹோம் விற்பனைக்கூடங்களில் முதலில் காட்டப்படுவது கூரையில் பொருத்திய தானியங்கி டிஷ். பொத்தானை அழுத்தினால் எழுந்து, சுழன்று, செயற்கைக்கோளைத் தானே தேடிக்கொள்ளும். விலை ஆயிரம் பவுண்டை எளிதில் தாண்டும். இன்னொன்று, முக்காலியில் நிறுத்திக் கையால் திருப்பும் டிஷ். அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே நல்லது கிடைக்கும். பெரும்பாலானோருக்கு இரண்டாவதே சிறந்தது என்பேன். விலை அதற்கு ஒரு காரணம் மட்டுமே. முதன்மையான காரணம் வானத்தின் வடிவக்கணக்கில் இருக்கிறது.

ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றிவருகின்றன. அதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு அவை ஓரிடத்தில் அசையாமல் நிற்கின்றன. அந்த உயரத்தில் செய்தித்தொடர்பு நிலையங்களை நிறுத்தி உலகம் முழுமைக்கும் ஒளிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும்வரை அவர் வாழ்ந்தது இலங்கையில். 1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பும் சோதனையை ஓராண்டுக் காலம் நடத்தியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். அச்சோதனையில் பங்குபெற்ற ஏறத்தாழ 2,400 இந்தியக் கிராமங்களில் நின்றவை கோழிக்கூண்டுக் கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் விட்டமுள்ள டிஷ்கள். இன்று மோட்டார்ஹோமின் கட்டிலுக்கடியில் நுழையும் அறுபது சென்டிமீட்டர்த் தட்டு அவற்றின் பேரக்குழந்தை.

பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்குச் செயற்கைக்கோள் ஏறத்தாழத் தலைக்கு மேல் இருக்கிறது. சென்னை மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் இலவச டிஷ் பார்க்கும் கோணம் தரையிலிருந்து 68 பாகை. பக்கத்து வீட்டுத் தென்னை அதைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. வடக்கே போகப்போக அந்தக் கோணம் சரிகிறது. பிரிட்டனின் அலைவரிசைகளைச் சுமக்கும் அஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் 28.2 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கின்றன. லண்டனிலிருந்து அவற்றின் ஏற்றக்கோணம் 25 பாகை. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் 18 மட்டுமே. பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் லண்டனில் 21 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் டிஷ்ஷுக்கு வழிவிடும். வடமேற்குக் கரையில் 31 மீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டும். இன்னொரு குறும்பும் உண்டு. அந்தக் கரையில் எல்லோரும் கடலைப் பார்த்து, அதாவது மேற்கு நோக்கி வண்டியை நிறுத்துவார்கள். செயற்கைக்கோளோ தென்கிழக்கில், மலைகள் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது.

கூரை டிஷ் தோற்பது இங்கேதான். அது வண்டியோடு பிணைக்கப்பட்டது. மரநிழலில் வண்டியை நிறுத்தினால் டிஷ்ஷும் நிழலில் நிற்கும். எத்தனை நுட்பமான மோட்டாரும் இலைகளின் ஊடாகச் செயற்கைக்கோளைக் காண முடியாது; பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு ஈரமான இலை ஏறத்தாழச் சுவர்தான். அப்போது செய்வது என்ன? வண்டியை நகர்த்தவேண்டும். முகாமில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் ஒன்றே என்றால் அதுவும் நடக்காது. முக்காலி டிஷ்ஷுக்குப் பதினைந்து மீட்டர் கேபிள் இருந்தால் போதும். வண்டி நிழலில் நிற்க, டிஷ் வெட்டவெளிக்கு நடந்து போய் நின்றுகொள்ளும். தவிர, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்தைச் சாதாரண உரிமத்தில் ஓட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளதால் மோட்டார்ஹோம்காரர்கள் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்ப்பவர்கள். கூரையில் ஏற்றும் எடை அதில் மிக மோசமான எடை. கை நடுங்குபவர்கள், குனிந்து நிமிர இயலாதவர்கள், ஒவ்வோர் இரவும் ஊர் மாறுபவர்கள் தானியங்கியை வாங்கட்டும். அவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் அதை வாங்குவது பக்கத்து வண்டியில் இருக்கிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன். தட்டையான பலகை வடிவ ஆன்டெனாக்களும் கிடைக்கின்றன. காற்றில் அதிகம் ஆடாதவை, பார்க்கவும் லட்சணமானவை. ஆனால் அதே பணத்துக்குக் கிடைக்கும் வட்டத்தட்டு கூடுதல் சமிக்ஞையைப் பிடிக்கும்.

அளவு விஷயத்தில் ஆசைக்கு அணை போடவேண்டும். தெற்கு இங்கிலாந்தின் வீட்டுச் சுவர்களில் 43 சென்டிமீட்டர்த் தட்டே போதுமானதாக இருக்கிறது, ஸ்காட்லாந்துக்கு 60. முக்காலிக்கும் அறுபதையே சொல்வேன். கால்வாயைக் கடந்து வடக்கு பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து வரையும் அது தாக்குப்பிடிக்கும். பிரான்சின் நடுப்பகுதி வரை போகிறவர்கள் 80 அல்லது 85 வாங்கலாம். அதற்குத் தெற்கே? பெரிய தட்டு வாங்கினால் ஸ்பெயின் கடற்கரையிலும் பி.பி.சி. பார்க்கலாம் என்று பழைய ஞாபகத்தில் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் பி.பி.சி. அலைவரிசைகள் அஸ்ட்ரா 2ஈ செயற்கைக்கோளின் குறுகிய கற்றைக்கு மாறியதோடு அந்தக் காலம் முடிந்தது. நிகழ்ச்சி உரிமைகள் பிரிட்டனுக்கு மட்டும் வாங்கப்படுவதால் கற்றையையும் முடிந்தவரை பிரிட்டன் மேலேயே விழச் செய்தார்கள். தெற்கு ஸ்பெயினில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான ஓய்வூதியர்களின் திரைகள் இருண்டன. சிலர் தோட்டத்தில் இரண்டு மீட்டர் அளவுக்குத் தட்டுகளை நட்டுச் சமாளித்தார்கள். வண்டியில் அதை யார் ஏற்றுவது?

வானத்துக்கு எல்லைக்கோடு கிடையாது என்று நம் கவிஞர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிஷ்ஷோடு தெற்கே பயணம் போனவர் அறிவார். ஒவ்வொரு நூறு கிலோமீட்டரிலும் சமிக்ஞைப் பட்டை கொஞ்சம் குறையும். ஒரு மழை மேகம் வந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். பிறகு ஒரு நாள் ஒன்றுமே வராது. எந்தக் காவலரும் நிற்காத ஓர் எல்லையை நீங்கள் கடந்துவிட்டிருப்பீர்கள்.

இனி நிறுத்தும் முறை. தெரிந்த கை பத்து நிமிடத்தில் முடித்துவிடும். பொறுமையில்லாதவர் அதே வேலையில் மாலை முழுவதையும் தொலைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் முக்காலியின் நடுத்தண்டு செங்குத்தாக நிற்கவேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தின் குட்டி வடிவம் ஒன்று பல முக்காலிகளில் பதிக்கப்பட்டே வருகிறது. இல்லையென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள். தண்டு சாய்ந்திருந்தால் டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும்போதே அதன் ஏற்றக்கோணமும் மாறிக்கொண்டிருக்கும். பிறகு எத்தனை முறை சுற்றினாலும் பயனில்லை. புல்தரையில் கால்கள் அமிழும் என்பதால் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு மரத்துண்டு வைப்பது நல்லது.

அடுத்தது திசை. லண்டனிலிருந்து அஸ்ட்ரா ஏறத்தாழ 145 பாகையில், தென்கிழக்கிலிருந்து சற்றே தெற்குப் பக்கமாக இருக்கிறது. திசைகாட்டியை வண்டியருகில் வைத்துப் பார்க்கக் கூடாது. அத்தனை இரும்பும் முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிக்கவேண்டும் என்று பழைய கையேடுகள் சொல்லும். பிரிட்டனில் இப்போது அது பெரிதாகத் தேவையில்லை. 2019இல் கிரீன்விச்சில் இரண்டு வடக்குகளும் ஒன்றாயின. முன்பு அப்படி நேர்ந்து ஏறத்தாழ 360 ஆண்டுகள் ஆகியிருந்தன. திசைகாட்டியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெற்கு இங்கிலாந்தில், கோடைக்கால நேரப்படி முற்பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் சூரியன் நிற்கும் திசைதான் செயற்கைக்கோளின் திசையும். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், எந்த மரம் தொல்லை தரும் என்பதை அதன் நிழலே சொல்லிவிடும்.

ஏற்றக்கோணத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவது. வானத்தில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதால் தட்டு அண்ணாந்திருக்கவேண்டும் என்று மனம் நம்புகிறது. இன்றைய தட்டுகளின் குவிமையம் நடுவில் இல்லை. கீழ்ப்புறமாக நீட்டிய கையின் முனையில் இருக்கிறது. அதனால் தட்டின் முகம் காட்டும் கோணத்தைவிட இருபதுக்கும் மேற்பட்ட பாகை உயரத்தில்தான் அது உண்மையில் பார்க்கிறது. லண்டனில் சரியாக நிறுத்திய டிஷ் ஏறக்குறையச் செங்குத்தாக, எதிர்வீட்டுச் சுவரை வெறிப்பதுபோல நிற்கும். ஸ்காட்லாந்தில் தரையைப் பார்த்துக் குனிந்ததுபோல்கூடத் தோன்றும். கண்ணை நம்பாமல் தட்டின் பின்னாலுள்ள அளவுகோலை நம்பவேண்டும். வடக்கே நூறு கிலோமீட்டர் போனால் ஏறத்தாழ ஒரு பாகை குறைத்தால் போதும். அதனால் ஏற்றக்கோணத்தை வைத்துப் பூட்டிவிட்டு, திசையை மட்டும் தேடுவதே வழி.

தேடுவது என்றால் மெதுவாக. அறுபது சென்டிமீட்டர்த் தட்டின் பார்வை அகலம் மூன்று பாகைக்கும் குறைவு. விரல் நகத்தின் அகலத்துக்குத் திருப்பி, நிறுத்தி, மூச்சுவிட்டு, செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொள்ள இரண்டு மூன்று விநாடி கொடுக்கவேண்டும். டிஜிட்டல் பெட்டி பழைய தொலைக்காட்சியைப்போல 'புள்ளி புள்ளியாய்' வழிகாட்டாது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் இருட்டு. கேபிளின் நடுவே மாட்டும் சிறு சமிக்ஞைமானி கீச்சிடுவது உதவிதான். ஆனால் மலிவான மானிக்கு எந்தச் செயற்கைக்கோள் என்று தெரியாது. 28.2க்கு ஒன்பது பாகை மேற்கே 19.2இல் இன்னொரு அஸ்ட்ரா கூட்டம் நிற்கிறது. அது ஜெர்மன் நிகழ்ச்சிகளை அள்ளி வீசும். அதற்கும் மேற்கே 13இல் ஹாட்பேர்ட். மானி உற்சாகமாகக் கத்தும், திரையில் ஒன்றும் வராது. அப்போது டிஷ்ஷைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தவேண்டும் என்று பொருள். பிடிபட்ட பிறகு எல்.என்.பி.யைத் தன் பிடிக்குள் சற்றே திருகிப் பார்த்தால் தரம் உயரும். கேபிளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் பெட்டியை அணைத்துவிடுவது நல்லது. அந்தக் கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் ஓடுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை, பெட்டிக்கு உண்டு.

கடைசியாகக் காற்று. தட்டு என்பது பாய்மரமும்தான். நீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனை முக்காலியின் நடுவில் தொங்கவிடுங்கள். கூடாரத்து முளையும் கயிறும் இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு பாடுபடுவானேன், கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்பார்கள் இளைஞர்கள். 2022 மே மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனம் கேரவன்களுக்கென்றே ஒரு சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் விரையும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களிலிருந்து இணையம் இறங்குகிறது. வண்டிக்குள்ளிருந்தே எதையும் பார்க்கலாம். அதை மறுக்க மாட்டேன். பலருக்கு அதுவே தீர்வு, ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு இன்று ஏறத்தாழ அது ஒன்றே தீர்வு. ஆனால் அதற்கு மாதச் சந்தா உண்டு. மின்கலத்திலிருந்து பல பத்து வாட்டுகளை அது இடைவிடாமல் உறிஞ்சும். சூரியத் தகடு பயன்படாத குளிர்காலத்தில் அது சிறு தொகையல்ல. டிஷ்ஷின் முனையிலுள்ள எல்.என்.பி.க்கு இரண்டு மூன்று வாட் போதும். பிரிட்டனின் இலவச அலைவரிசைகளுக்கு ஒளிபரப்பாளரிடம் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை. மழைபோல எல்லோர் மீதும் பொழிகிறது. பாத்திரம் ஏந்தியவர் பிடித்துக்கொள்கிறார். யார் எதை எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று மேலே இருப்பதற்குத் தெரியாது. திரும்பிப் பேச வழியில்லாத அந்த ஒருவழித்தன்மையைக் குறையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இன்றைய நிலையில் அது ஒரு மரியாதையாகவே எனக்குப் படுகிறது.

அந்த மழையும் நிச்சயமானதல்ல. 2024 ஜனவரியில் பி.பி.சி. தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பில் பழைய எஸ்.டி. தரத்தை முற்றாக நிறுத்தியது. அலைவரிசைகள் போய்விடவில்லை, எச்.டி. தரத்தில் தொடர்கின்றன. ஆனால் அதைப் படிக்கத் தெரியாத பழைய பெட்டிகள் அன்றோடு காலாவதியாயின. அந்த வசந்தத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு முகாமில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் மூன்று நாட்களாகத் தன் முக்காலியோடு போராடிக்கொண்டிருந்தார். கணவர் இருந்தவரை அது அவர் வேலை. தட்டின் பின்புறத்தில் ஒவ்வோர் ஊருக்குமான கோணத்தை அவர் வெள்ளை மையில் குறித்து வைத்திருந்தார். அம்மையார் அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றியிருந்தார். டிஷ் மிகச்சரியாக நின்றிருந்தது. வேறு சில அலைவரிசைகள் வந்துகொண்டுமிருந்தன. அவருக்கு வேண்டிய செய்தி மட்டும் வரவில்லை. "நான் எங்கேயோ தவறு செய்கிறேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தவறு எதுவும் செய்யவில்லை. பதினைந்து ஆண்டு பழைய பெட்டி அது. அவ்வளவுதான்.

அந்த முகாமில் கைப்பேசிக்கு ஒரு கோடுகூடக் கிடையாது. ஸ்டார்லிங்க் சந்தா அவர் கணக்கில் வரவே வராத ஒன்று. ஒலிபரப்பு, ஒளிபரப்பு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிடலாம் என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் இந்த முகாம்களில் ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்துவிட்டு எழுதலாம். பழைய தொழில்நுட்பத்தின்மீதான ஏக்கத்தால் இதைச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் பிரதிகளுக்காக அழுகிறவனும் இல்லை. கடைசி ஆள் கையில் மாற்று கிடைக்கும் முன் முந்தையதை அணைப்பவர்கள், அணைப்பதற்கு முன் அந்தக் கடைசி ஆள் யார் என்றாவது தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே என் தரப்பு.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். தட்டுக்கும் முக்காலிக்கும் குறைவாகச் செலவழித்து, மிச்சத்தை எச்.டி. தரத்தைப் படிக்கும், 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் நல்ல பெட்டிக்குக் கொடுங்கள். தட்டு இருபது ஆண்டு உழைக்கும், பெட்டிதான் முதலில் மூப்படைகிறது. பழைய தட்டு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நெளிவு மட்டும் இருக்கக் கூடாது. விளிம்பின் குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டிப் பாருங்கள், நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டால் தட்டு நேராக இருக்கிறது. அம்மையாரின் தட்டை அப்படித்தான் சோதித்தோம். அடுத்த வாரம் நகரத்துக்குப் போய் வந்த ஒருவர் வாங்கி வந்த புதிய பெட்டி, அந்த வெள்ளை மைக் குறிப்புகளின்படி நின்ற பழைய தட்டிலேயே, முதல் முயற்சியில் பிடித்துக்கொண்டது.